கூலி உயர்ந்தது; குடி உயர்ந்ததா?

நாட்டின் செல்வம் ஆண்டுதோறும் பெருகி வருகின்றதென்று அரசியலாரும் பொருளியலாரும் கணக்குக் காட்டுகின்றனர். அக்கணக்கைப் பொய்யென்பார் இலர். ஒரு தேசத்தில் விளைந்த பண்டமெல்லாம், விற்ற சரக்கெல்லாம், ஈட்டிய ஊதியமெல்லாம் ஒன்றாகக் கூட்டித் தலைக்கணக்காய் வகுத்தால் வருந்தொகை, நம் பாட்டனார் காலத்தைக் காட்டிலும் இன்று பன்மடங்காகவே இருக்கும். ஆயினும், பத்துப் பேர் அமர்ந்த பந்தியில் ஒருவன் இலையிலேயே ஒன்பது பேர் பங்கும் விழுமாயின், தலைக்கு ஒரு பங்கு என்னும் கணக்கு மற்றையோர் வயிற்றை நிரப்பாது. ஆதலின், வருவாய் பெருகிற்றா என்று வினவுவதோடு அமையாது, அது கீழ்க்கூலி பெறுவோன் அடுப்பங்கரை வரையிற் சென்று சேர்ந்ததா என்று வினவுதலே அறிவுடையார் செயலாம்.

இவ்வினாவைப் பொதுப்படப் பேசிப் பயனில்லை. ஏதேனும் ஒரு தொழிலையும், அதில் உழைத்த ஒரு கூட்டத்தாரையும் நெடுங்காலம் தொடர்ந்து பார்த்தாலன்றி உண்மை புலனாகாது. அத்தகைய ஆராய்ச்சிக்கு இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களினும் ஏற்ற இடம் வேறு காண்பதரிது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர் முதலிய ஜில்லாக்களினின்றும் கடல் கடந்து சென்ற நம் தமிழ் மக்களே ஆங்கு உழைத்தவர்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலைச் செய்தார்கள். அவர்கள் பெற்ற கூலியோ சட்டத்தாலும் ஒப்பந்தத்தாலும் சதக் கணக்காக எழுதிவைக்கப்பட்டுளது. எனவே கூலியென்னும் எண்ணையும் வாழ்வென்னும் பொருளையும் அருகருகே வைத்து நோக்க அங்கு இடமுண்டு.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் கண்டி மலைகளிற் காப்பித் தோட்டம் இட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிய நம்மவர், காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியிலேயே பேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் பலர். 1869ஆம் ஆண்டில் இலைநோய் தோன்றிக் காப்பியை அழிக்கத் தொடங்கிற்று. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டிருந்தனர். காப்பி போய்த் தேயிலை வந்தது. காப்பிக்கு ஆள் வேண்டுவது அறுவடைக் காலத்திலேதான். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுதும் பறிக்கப்பட வேண்டும். ஆகவே வந்து போன கூட்டம் அங்கேயே குடியேறிய கூட்டமாயிற்று. பின்னர் அத்தீவின் ஏற்றுமதிச் செல்வத்தில் தலையாய பங்கு தேயிலையாலேயே வந்தது. லண்டன் மாநகரத்துக் கம்பெனிகள் இலாபப் பங்கு பிரித்துக் கொண்டன. தேசவருவாய் பெருகிற்று என்பதில் ஐயமே இல்லை.

அப்பெருக்கம் தொழிலாளியை எவ்வாறு அடைந்தது? ஆளைத் திரட்டியவன் கங்காணி. வழிச்செலவுக்கும் அரிசிக்கும் துணிக்கும் அவன் கொடுத்த முன்பணம், தொழிலாளி தோட்டத்தில் அடி வைக்கும் முன்னரே கடனாக நின்றது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற்குச் செல்ல வேண்டுமாயின், கடன் தொகை குறித்த ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டத்துத் துரை அக்கடனைச் செலுத்தினாலன்றி ஆள் நகர இயலாது. இதனால் கடன் தீர்ந்தபாடில்லை; கடனுக்கு உரியவரே மாறினர். தோட்டமே அரிசியை வரவழைத்துக் கொடுத்து, அதன் விலையைக் கூலியிற் பிடித்துக் கொண்டது. ஆகவே கூலி இத்தனை சதம் என்று எழுதியிருந்த போதிலும், கைக்கு வந்தது அரிசியும் கடன் கழிவும் போக எஞ்சிய சில்லறையே. துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கூலி உயர்வை அளப்போர் முதலாவது கேட்கத்தக்க கேள்வி இங்கேயே தோன்றுகின்றது. எழுதிய கூலி எவ்வளவு என்பதன்று. பிடித்தம் போகக் கைக்கு வந்த கூலி எவ்வளவு என்பதே அக்கேள்வி.

இந்திய சர்க்கார் 1922ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்படி இலங்கையிலும் ஓர் ஏஜெண்டை நியமித்துத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து வந்தனர். அவர்கள் வற்புறுத்தியதன் பயனாக, 1927ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலி விதிக்கும் சட்டம் இலங்கையில் நிறைவேறி, 1929 முதல் நடைமுறைக்கு வந்தது. உயர்ந்த மலைப்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என வகுக்கப்பட்டது. இச்சட்டத்தின் சிறப்பு யாதெனின், கூலியை விதித்ததோடு நில்லாது தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலையையும் அதனோடு பிணைத்தமையேயாம். கூலியென்பது காசன்று, சோறு என்னும் உண்மையை அச்சட்டம் ஒருவாறு உணர்ந்திருந்தது. ஆயினும் கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்களாயிருக்க, அப்பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கே பெறுமென்று அதே சட்டம் எழுதி வைத்தது. இக்குறை நீங்க ஐம்பதாண்டுக்கு மேலாயிற்று.

அரிசியோடு பிணைத்த அம்முறை இருமுனைக் கத்தியாகவும் ஆயிற்று. 1930க்குப் பின் உலகெங்கும் வியாபாரம் வீழ்ந்த காலத்தில், அரிசி விலை இறங்கிற்று என்பதைக் காரணமாகக் காட்டிக் கூலியைக் குறைத்தனர். தேயிலை விலை மீண்ட பின்னர்க் கூலி அவ்வளவு விரைவாக மீளவில்லை. அக்காலத்திற் கோ. நடேசய்யர் அவர்கள் தொழிலாளர்க்குச் சங்கம் அமைத்து, பத்திரிகை நடத்தி, தோட்டந்தோறும் சென்று பேசினார். 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தார் நாளொன்றுக்கு 16 சதம் கூலியுயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். போலீஸார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். 16 சதத்திற்கு ஓருயிர் விலையாயிற்று. கூலி உயர்வு என்று கணக்கேட்டில் எளிதாக எழுதப்படும் ஒரு வரிக்குப் பின்னால் இத்தகைய விலைகள் நிற்கின்றன என்பதை நாம் மறக்கலாகாது.

இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பாக 7 பேர் சட்டசபை புகுந்தனர், 1952இல் ஒருவருமில்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த உடன்படிக்கையால் 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதென்றும், 3,00,000 பேர்க்கு இலங்கைக் குடியுரிமை தருவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் ஆராய்வதென்றும் முடிவாயிற்று. அவ்வாறு திரும்பியோரின் வழித்தோன்றல்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் பிற ஊர்களிலும் இன்று நம் அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். கூலிக்கும் குடியுரிமைக்கும் யாது தொடர்பு என்று சிலர் வினவலாம். அதற்கு விடை 1970க்குப் பின் வந்த ஆண்டுகள் தந்தன.

1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் எண்ணெய்க்கும் தானியத்திற்கும் விலை ஏறிற்று. இலங்கை அரசாங்கம் பங்கீட்டு உணவைக் குறைத்தது. கிராமத்தானுக்குச் சிறிதளவேனும் நிலமுண்டு. மரவள்ளியோ பலாவோ கொல்லையில் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு லயத்து அறையொன்றன்றி ஒரு சாண் மண்ணுமில்லை. வேலை நாட்களும் குறைந்தன. அக்காலத்தில் தோட்டங்களில் மரணம் பெருகிற்று. மலைநாட்டு நகரங்களின் வீதிகளில் நம்மவர் பிச்சைக்கு நின்றனர். அவர்கள் துயரைச் சட்டசபையில் எழுந்துரைக்கத் தேர்தல் வழி வந்த பிரதிநிதி ஒருவரேனும் இல்லை. கூலி விகிதத்தின் எண்ணை மட்டும் நோக்குவோர்க்கு இப்பஞ்சம் கண்ணிற் படாது. எண் அங்கேயே நின்றது. அவ்வெண்ணால் வாங்கத்தக்க சோறு மறைந்து போயிற்று.

1977இல் சௌ. தொண்டமான் அவர்கள் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியினின்று தேர்ந்தெடுக்கப்பட்டார். குடியுரிமையும் சிறிது சிறிதாக மீண்டது. 1984ஆம் ஆண்டில் நிகழ்ந்த பெருவேலைநிறுத்தத்தின் பயனாக ஆண் பெண் இருபாலார்க்கும் ஒரே கூலி ஏற்பட்டது. நம் ஆராய்ச்சியில் இதனை ஒரு மைல்கல்லென்றே கொள்ளலாம். ஒரே வீட்டில் தாயும் மகளும் கொழுந்து பறிப்பாராயின், அவ்வீட்டு வருவாய் அன்றே மெய்யாக உயர்ந்தது. அந்த உயர்வு தேயிலை விலை ஏறியதால் தானாக வழிந்து வந்ததன்று. வாக்கும், சங்கமும், ஒரே நாளில் வேலையை நிறுத்தும் ஒற்றுமையும் சேர்ந்து கொணர்ந்தது.

நிலச்சீர்திருத்தத்தால் 1970க்குப் பின் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்திற்கு வந்தன. பின்னர்த் தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடிக் கூட்டொப்பந்தம் எழுதுவது வழக்கமாயிற்று. அவ்வொப்பந்தங்களைச் சற்று நெருங்கி நோக்குவோம். 2016ஆம் ஆண்டில் நாட்கூலி 730 ரூபாய் என்று பறைசாற்றப்பட்டது. அதன் உட்பிரிவு யாது? அடிப்படைக் கூலி 500. வேலைக்குக் குறித்த விகிதப்படி வந்தோர்க்கு வரவுப்படி 60. குறித்த அளவு கொழுந்து பறித்தோர்க்கு 140. விலைப் பங்கு 30. மழையாலோ நோயாலோ சில நாள் வாராதவர்க்கும், தளிர் குறைந்த காலத்தில் அளவு எட்டாதவர்க்கும் 730 என்பது ஏட்டுச் சுரைக்காயே.

2019 ஜனவரியில் அடிப்படைக் கூலி 500இலிருந்து 700 ஆயிற்று. நூற்றுக்கு 40 வீதம் உயர்வு என்று விளம்பரம் செய்தனர். ஆயின் அவ்வொப்பந்தத்தில் வரவுப்படியும் கொழுந்துப்படியும் நீக்கப்பட்டன. விலைப் பங்கு 50 ஆக்கப்பட்டது. ஆக மொத்தம் 750. முன்னே எல்லாப் படிகளும் பெற்றுவந்த ஒருத்திக்கு நாளொன்றுக்கு 20 ரூபாயே கூடுதல். அளவு எட்டாதிருந்தவளுக்கு நன்மை மிகுதி என்பதையும், அடிப்படைக் கூலி ஏறுவதால் சேமநிதி ஏறும் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் 40 என்னும் எண்ணும் 20 ரூபாய் என்னும் உண்மையும் ஒரே ஒப்பந்தத்தில் உறைந்திருந்தன என்பதை வாசகர் கருதுக. அதே 2019ஆம் ஆண்டிலேதான் உலக வங்கியார் இலங்கையை மேல்நடுத்தர வருவாயுள்ள நாடுகளின் வரிசையில் ஏற்றினர். மறு ஆண்டே அவ்வரிசையினின்று இறக்கினர் என்பது வேறு கதை.

ஆயிரம் ரூபாய் நாட்கூலி என்னும் நெடுநாட் கோரிக்கை 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் வாயிலாக நிறைவேறிற்று. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கம்பெனிகள் கூட்டொப்பந்தத்தினின்று விலகின. பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவைப் பல தோட்டங்களில் உயர்த்திவிட்டனர் என்றும், அளவு குறைந்தார்க்கு அரைப்பேரே இடுகின்றனர் என்றும், வேலை நாட்களைச் சுருக்கினர் என்றும் தொழிலாளர் முறையிட்டனர். பேர் என்பது செக்ரோலில் ஒரு நாள் வேலைக்கு இடும் குறி. அரைப்பேர் என்பது பாதிக் கூலி. நாட்கூலி ஆயிரமாயினும் மாதத்திற் பேர் குறையுமாயின் மாத வருவாய் எங்ஙனம் உயரும்?

அடுத்த ஆண்டு பேரிடி விழுந்தது. 2022இல் இலங்கை நாணயம் சரிந்தது. டாலருக்குச் சுமார் 200 ரூபாயாயிருந்தது சில மாதங்களில் 360 ரூபாயாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு விலைவாசி முந்திய ஆண்டினும் நூற்றுக்கு 69.8 வீதமும், உணவுப் பண்டங்களின் விலை நூற்றுக்கு 94.9 வீதமும் ஏறியிருந்தன. தேயிலை டாலருக்கு விற்பனையாகும் பொருளாதலால் கொழும்பு ஏலத்தில் அதன் ரூபாய் விலை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. தொழிலாளியின் கூலியோ அதே ஆயிரத்தில் நின்றது. 2024 செப்டம்பரிலேதான் 1,350 ரூபாய் என வர்த்தமானியில் வெளியாயிற்று. அதற்குள் விலைகள் ஒன்றரைப் பங்குக்கு மேலாகியிருந்தன. ஒன்றரைப் பங்கு மட்டுமே என்று குறைத்துக் கொண்டாலும், 2021இல் ஆயிரத்திற்கு வாங்கியதை வாங்க 1,500 ரூபாய் வேண்டும். டாலராற் கணக்கிடினும் முன்னது சுமார் 5, பின்னது சுமார் நாலரை. ஆக, 350 ரூபாய் உயர்வு என்று எழுதப்பட்டது மெய்யாக நோக்குமிடத்துக் கூலிக் குறைவேயாம். 2026 முதல் 1,550 ரூபாயும், அதன்மேல் வரவுக்கு அரசாங்கம் தரும் 200 ரூபாயும் என 2025 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அது உயர்வா, இழந்ததை மீட்பதா என்று கூற இக்கணக்கே போதும்.

தோட்டக் கம்பெனிகளின் பக்கத்தையும் கூறாது விடுதல் நடுநிலையன்று. உற்பத்திச் செலவிற் பெரும்பகுதி கூலியென்றும், பழஞ் செடிகளில் ஒருவர் பறிக்கும் கொழுந்து பிற நாட்டினும் குறைவென்றும், விலையை ஏலம் விதிக்கின்றதேயன்றித் தாங்கள் விதிப்பதில்லையென்றும் அவர்கள் உரைக்கின்றனர். 2021இல் செயற்கை உரத்தை அரசாங்கம் திடீரெனத் தடுத்ததால் 2022இல் விளைச்சல் சுமார் 25 கோடி கிலோவாகத் தாழ்ந்ததும், உரமும் எண்ணெயும் விலை ஏறியதும் உண்மையே. ஆயினும் பழஞ் செடியைப் பிடுங்கிப் புதுச் செடி நடாதது பறிப்பவள் குற்றமன்று. விலை இறங்கிய காலத்து நட்டத்திற் பங்கு கொள்ளுமாறு தொழிலாளியை அழைப்போர், விலை இரட்டித்த காலத்து இலாபத்திற் பங்கு கொள்ளவும் அழைப்பதே முறையாகும்.

அங்ஙனமாயின் நூறாண்டில் நன்மையே விளையவில்லையா? விளைந்தது. அரசாங்கப் புள்ளிக் கணக்கின்படி 2006–07இல் தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 32 பேர் வறுமைக் கோட்டின் கீழிருந்தனர், 2016இல் 8.8 பேரே இருந்தனர். பள்ளிகள் பெருகின, பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை தேடிப் பணம் அனுப்பினர். ஆனால் இதிலும் இரண்டு பொருள்களைக் கவனித்தல் வேண்டும். ஒன்று, அந்த 2016ஆம் ஆண்டிலேயே தோட்டப் பகுதியில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 31.7 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். நாடு முழுவதிலும் அத்தொகை 17.3. வறுமைக் கோட்டைத் தாண்டிய வீட்டிலும் குழந்தை வளரவில்லை. மற்றொன்று, வாழ்வு உயர்ந்த வீடுகளிற் பல, தோட்டக் கூலியால் உயர்ந்தவையல்ல. தோட்டத்தை விட்டுப் பிள்ளைகள் வெளியேறியதால் உயர்ந்தவை. 1992இல் 3 இலக்கத்திற்கு மேலிருந்த கம்பெனித் தோட்டத் தொழிலாளர் இப்பொழுது அதிற் பாதியும் இல்லாமை இதற்குச் சான்று. ஒரு தொழிலை விட்டு ஓடுவதே முன்னேற்றத்தின் வழியாயின், அத்தொழிலின் வருவாய்ப் பெருக்கம் உழைப்போர்க்குப் பயன்பட்டதென்று எவ்வாறு கூறுவது?

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கன நான்கு. கூலியை அளக்குங்கால், அது எத்தனை படி அரிசி வாங்கும் என்பது முதலாவது. மாதத்தில் எத்தனை நாள் அக்கூலி கிடைக்கும் என்பது இரண்டாவது. அதனைப் பெற உடலுழைப்பு எவ்வளவு கூட்டப்பட்டது என்பது மூன்றாவது. கடனும் பிடித்தமும் போகக் கையில் நிற்பது யாது என்பது நான்காவது. இந்நான்கிலும் உயர்ந்ததே உயர்வு. ஒன்றில் ஏற்றி மற்றொன்றில் இறக்குவது கணக்குப்பிள்ளையின் சாமர்த்தியமேயன்றி உயர்வன்று. மேலும், தேசத்தின் வருவாய் மழைநீர் போன்று தானே பள்ளம் நோக்கிப் பாய்வதில்லை. சட்டம், சங்கம், வாக்கு, கல்வி என்னும் வாய்க்கால்கள் வெட்டப்பட்டவிடத்தே அது பாய்கின்றது; வாய்க்கால் தூர்ந்தவிடத்து மேட்டிலேயே தேங்கி நிற்கின்றது.

அன்பர்களே! இக்கட்டுரை கடல்கடந்த மலைநாட்டைப் பற்றியதாயினும், இதன் பொருள் நம் வாயிற்படியிலேயே நிற்கின்றது. நம் சங்கத்தாருட் கடை வைத்திருப்போர் உண்டு. பட்டறை நடத்துவோர் உண்டு. வயலில் ஆள் வைத்து உழுவோர் உண்டு. நம் இல்லங்களிற் பாத்திரம் துலக்கும் அம்மாளும் உண்டு. கூலிக்கு உழைக்கும் குடும்பங்களும் நம்முள் உண்டு. சென்ற ஆண்டினும் இவ்வாண்டு நூறோ இருநூறோ கூட்டிக் கொடுத்தோம் என்று பெருமை கொள்வோர், அரிசி, எண்ணெய், வீட்டு வாடகை, பள்ளிக்கூடச் செலவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, சென்ற ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராக. முன்பணம் கொடுத்தோர், அது உதவியாய் நிற்கின்றதா, அன்றி அக்காலத்துத் துண்டைப்போல ஆளைக் கட்டி வைக்கின்றதா என்று தம் நெஞ்சையே கேட்பாராக. கூலி பெறுவோர், நாட்கூலியின் எண்ணை மட்டும் நோக்காது மாத முடிவில் எஞ்சுவதை நோக்கிக் கேட்கக் கற்பாராக. தம் பிள்ளைகளின் படிப்பை எக்காரணத்தாலும் நிறுத்தாதிருப்பாராக. இருதிறத்தாரும் ஒரே சங்கத்தில் அமர்ந்து இக்கணக்கை ஒளிவின்றிப் பேசுவாராயின், கூலி உயருந்தோறும் குடியும் உயரும். அதுவே நாம் விரும்பும் வளர்ச்சி.